ஐம்பதைக் கடந்த பின் அயல்நாட்டுக் குடியேற்றம்: வேலையோடு போவதா, போய் வேலை தேடுவதா?

ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் வேறொரு நாட்டில் போய்க் குடியமர்ந்து, அங்கிருந்தபடியே கணினி வழியாக வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு விசாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். வேலையைப் பற்றிய யோசனை கடைசியாகத்தான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. எந்த விசாவில் போகிறோம் என்பதுதான் அங்கே வேலை பார்க்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. கையில் எந்த வகை வருமானம் இருக்கிறது என்பதுதான் எந்த விசா கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே வருமானத்தில் தொடங்கி, விசாவுக்கு வந்து, நாட்டில் முடிப்பதே சரியான வரிசை.

நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. புதிய நாட்டிலுள்ள ஒரு நிறுவனத்தில் வேலை பெற்றுப் பணி விசாவில் போவது ஒன்று. ஓய்வுக்கால விசாவிலோ, ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானத்தைக் காட்டிப் பெறும் விசாவிலோ போய்ச் சேர்ந்த பிறகு ரிமோட் வேலை தேடுவது இரண்டாவது. இப்போது பார்க்கும் வேலையையே, முதலாளியின் சம்மதத்தோடு, வேறொரு நாட்டிலிருந்து தொடர்வது மூன்றாவது. சில வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் கணக்கில் ஒப்பந்தப் பணி செய்பவராகப் போவது நான்காவது.

முதல் வழியை விரைவாகவே கடந்துவிடலாம், ஏனெனில் அது வயதைப் பார்க்கும் வழி. ஆஸ்திரேலியாவின் புள்ளி அடிப்படையிலான திறன் விசாக்களுக்கு, அழைப்பு வரும் நாளில் விண்ணப்பதாரருக்கு 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது வரம்பு இல்லை என்றாலும், 45 வயதானவருக்கு வயதுக்கான புள்ளிகள் சுழியம். நியூசிலாந்தின் திறனாளர் குடியேற்றப் பிரிவு 55 வயது வரை அனுமதிக்கிறது. ஜெர்மனியில் 45 வயதைக் கடந்து முதல்முறையாகப் பணி விசா கேட்பவர், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் பெறுவதையோ (2025-இல் ஆண்டுக்கு 53,130 யூரோ), முதுமைக்குப் போதிய சேமிப்பு இருப்பதையோ காட்ட வேண்டும். வயதைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1967 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000-ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றின் வழியாகவும் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சட்டங்கள் முதலாளிகளைக் கட்டுப்படுத்துமே தவிர, குடிவரவுத் துறையின் புள்ளிப் பட்டியலைக் கட்டுப்படுத்துவதில்லை. அரிய தொழில்திறன் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த வழி ஏறக்குறைய மூடியதுதான்.

எஞ்சிய மூன்றில், அதிகம் பேரை ஈர்ப்பதும் அதிகம் பேரைச் சிக்கலில் மாட்டுவதும் இரண்டாவது வழி: போய்ச் சேர்ந்துவிட்டு வேலை தேடுவது.

தாய்லாந்தின் ஓய்வுக்கால விசாவை எடுத்துக்கொள்வோம். 50 வயது நிறைந்தவர் வங்கியில் 800,000 பாத் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்டினால் ஓராண்டு தங்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஆனால் அந்த விசாவில் இருப்பவர் எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. வேலை பார்க்காமல் ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானத்தில் வாழ்பவர்களுக்கு ஸ்பெயின் தரும் வருவாய் ஈட்டாதோர் விசாவும் அப்படியே. "வீட்டுக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அன்றாடம் யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் விசாவைப் புதுப்பிக்கும்போது வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்பார்கள். அதில் ஒவ்வொரு மாதமும் 28-ஆம் தேதி ஒரே நிறுவனத்தின் பெயரில், ஒரே தொகை வரவு வைக்கப்பட்டிருந்தால், அது ஓய்வூதியமா சம்பளமா என்று கண்டுபிடிக்க அதிகாரிக்கு அரை நிமிடம் போதும். முப்பது வயதில் விசா மறுக்கப்பட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். சொந்த வீட்டை விற்றுவிட்டு வந்த 58 வயதுக்காரருக்குத் திரும்பிப் போக இடமே இல்லாமல் போகும்.

சட்டச் சிக்கலை ஒதுக்கி வைத்தாலும், போன பிறகு ரிமோட் வேலை தேடுவது வெளியே தெரிவதைவிடக் கடினமானது. ரிமோட் வேலை என்றால் எங்கிருந்தும் பார்க்கும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். வேலை விளம்பரத்தின் கடைசிப் பத்தியைப் படித்தால், விண்ணப்பிப்பவர் இன்ன நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். காரணம் எளிது. ஒருவர் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாரோ அந்த நாட்டின் தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் (ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்கானது), வரிப் பிடித்தம் ஆகியவை பொதுவாக அவருக்குப் பொருந்தும். பதிவே இல்லாத நாட்டில் ஒரே ஓர் ஊழியருக்காக இவ்வளவையும் செய்ய நிறுவனங்கள் தயங்குகின்றன. அந்த ஊழியரின் வீட்டையே நிறுவனத்தின் நிலையான தொழிலிடமாகக் கருதி அந்த நாடு நிறுவன வரி கேட்டுவிடுமோ என்ற அச்சமும் கூடவே உண்டு. ஆக, பழைய நாட்டு நிறுவனங்கள், நீங்கள் அங்கே இல்லை என்பதால் எடுக்க மாட்டா. புதிய நாட்டு நிறுவனங்கள், உங்களுக்குப் பணி அனுமதி இல்லை என்பதால் எடுக்க முடியாது. மூன்றாவது நாட்டு நிறுவனங்களுக்கோ இரண்டு காரணங்களும் சேர்ந்துகொள்ளும். மிஞ்சுவது ஒப்பந்தப் பணி மட்டுமே. அதற்கான வாடிக்கையாளர்களோ, நீங்கள் பல ஆண்டுகள் பழகிய வட்டத்திலிருந்துதான் வருவார்கள். அந்த வட்டம் நீங்கள் விட்டுவந்த நாட்டில் இருக்கிறது.

ஆனாலும் இரண்டாவது வழியை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது என்பதற்குப் போர்ச்சுகல் எடுத்துக்காட்டு. அண்டை நாடுகளான போர்ச்சுகலையும் ஸ்பெயினையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே மனிதருக்கு இரண்டு நாடுகள் நேர்எதிரான விடை தருவது விளங்கும். போர்ச்சுகலின் டி7 விசா, ஓய்வூதியம், வாடகை, வட்டி போன்ற வருமானம் உள்ளவர்களுக்கானது. 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தனி நபருக்கு மாதம் 870 யூரோ, அதாவது அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி, காட்ட வேண்டும். 2022 அக்டோபரில் அறிமுகமான டி8 விசா ரிமோட் பணியாளர்களுக்கானது. அதற்குக் குறைந்தபட்சக் கூலியைப் போல நான்கு மடங்கு, அதாவது 2025 கணக்கில் 3,480 யூரோ மாத வருமானம் வேண்டும். டி7 வழியாக வசிப்பு உரிமம் பெற்றவர் அந்நாட்டிலேயே வேலை பார்க்கவும் தடையில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எனவே மாதம் ஆயிரம் யூரோ அளவுக்கு ஓய்வூதியமோ வாடகையோ வரும் ஒருவர், டி7-இல் போய், வேலையை நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். வேலை கிடைத்தால் அது உபரி, கிடைக்காவிட்டாலும் வசிப்பு உரிமத்துக்கு ஆபத்து இல்லை.

ஸ்பெயினில் கணக்கு மாறுகிறது. அங்கே வருவாய் ஈட்டாதோர் விசாவுக்கு மாதம் 2,400 யூரோ காட்ட வேண்டும். வேலை பார்க்கக் கூடாது. 2022 டிசம்பரில் நிறைவேறிய புத்தொழில் சட்டத்தின் வழியாக, 2023 முதல் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் நாடோடி விசாவுக்கு (வெளிநாட்டு நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கானது), அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்கு, 2025 கணக்கில் மாதம் சுமார் 2,763 யூரோ வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு மாதம் 363 யூரோதான்; ஆனால் ஒன்றில் வேலை செய்வது தடை, மற்றொன்றில் வேலை செய்வதே தகுதி. கையில் வேலை இருக்கும் ஒருவர் ஸ்பெயினுக்கு வருவாய் ஈட்டாதோர் விசாவில் போவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அதுபோலவே, போதிய ஓய்வூதியம் உள்ளவர் போர்ச்சுகலுக்கு டி8-இல் போகவும் தேவையில்லை.

இனி மூன்றாவது, நான்காவது வழிகளுக்கு வருவோம். இவ்விரண்டுக்கும் உரிய கதவு டிஜிட்டல் நாடோடி விசா. பார்படோஸ் 2020 ஜூலையிலும் எஸ்டோனியா அதே ஆண்டு ஆகஸ்டிலும் இதைத் தொடங்கிவைத்தன; பிறகு குரோவேசியா, கிரீஸ், மலேசியா, இத்தாலி, ஜப்பான் எனப் பட்டியல் நீண்டது. (எஸ்டோனியா 2014 முதல் வழங்கும் மின்னணு வசிப்பாளர் அட்டையை இதனோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர், அது நிறுவனம் நடத்த உதவுமே தவிர, அந்நாட்டில் கால் வைக்கக்கூட உரிமை தராது.) பெயர் ஒன்றே என்றாலும் இந்த விசாக்கள் இரண்டு வேறு சாதிகள். ஜப்பான் 2024 மார்ச் இறுதியில் தொடங்கிய விசா, ஆண்டுக்கு 1 கோடி யென் வருமானம் கேட்கிறது; ஆறு மாதம் மட்டுமே தருகிறது; நீட்டிப்பு கிடையாது. எஸ்டோனியாவில் ஓராண்டு. குரோவேசியாவிலும் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க முடியாது. இவையெல்லாம் நீண்ட விடுமுறையின் இன்னொரு வடிவம். ஸ்பெயினும் போர்ச்சுகலும் தருவது வேறு: வசிப்பு உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே போய், ஸ்பெயினில் ஐந்தாண்டு முடிவில் நீண்டகால வசிப்பு உரிமை கேட்கலாம். இளைஞர் ஒருவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. அறுபதை நெருங்குபவருக்கு, எழுபதாவது வயதில் தாம் எந்த நாட்டில் சட்டப்படி இருப்போம் என்ற கேள்விக்கு விடை தராத விசாவால் பயன் மிகக் குறைவு.

நாடோடி விசாக்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பொதுவான ஒரு நிபந்தனை, விண்ணப்பிக்கும்போதே வேலையோ வாடிக்கையாளரோ கையில் இருக்க வேண்டும் என்பது. ஸ்பெயின் இன்னும் நுணுக்கமாகக் கேட்கிறது: நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்க வேண்டும், அதனோடு உங்கள் தொடர்பு குறைந்தது மூன்று மாதம் பழையதாக இருக்க வேண்டும், பட்டமோ, மூன்றாண்டு அனுபவமோ இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை மூத்தவர்களுக்குச் சாதகமானது. முப்பது ஆண்டு அனுபவத்தைக் காட்டுவதில் சிரமம் இருக்காது. முதலாளி தரும் கடிதம்தான் பெரும்பாலும் இடறுகிறது. "பணியாளர் தொலைவிலிருந்து பணியாற்ற அனுமதிக்கப்படுகிறார்" என்ற பொத்தாம்பொதுவான வரி போதாது. இன்ன பதவி, இன்ன சம்பளம், இன்ன தேதியிலிருந்து பணியில் இருக்கிறார், இந்தப் பணியை முழுமையாகத் தொலைவிலிருந்தே செய்ய முடியும், இன்ன நாட்டிலிருந்து செய்ய நிறுவனம் சம்மதிக்கிறது என்று பெயர் சுட்டி எழுதியிருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு கடிதத்தில் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, கடைசி வரியில் "காலாண்டுக்கு ஒருமுறை இரண்டு வாரம் அலுவலகத்துக்கு வர வேண்டும்" என்று மனிதவளப் பிரிவினர் வழக்கம்போலச் சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரியை நீக்கிப் புதுக் கடிதம் வாங்க ஏழு வாரம் ஆயிற்று; அதற்குள் மற்ற சான்றிதழ்களில் ஒன்று காலாவதியாகிவிட்டது.

ஊழியராகவே போவதா, ஒப்பந்தப் பணியாளராக மாறிப் போவதா என்பது இந்த இரு வழிகளுக்கும் இடையிலான உண்மையான கேள்வி. ஊழியராகப் போனால் விடுப்பு, பணிநீக்க முன்னறிவிப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் தொடரும். ஆனால் சமூகப் பாதுகாப்பு எந்த நாட்டில் கட்டுவது என்ற சிக்கல் எழும். இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், பழைய நாட்டிலேயே கட்டுகிறார் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக் காட்டலாம். ஒப்பந்தம் இல்லாவிட்டால், வெளிநாட்டு நிறுவனமே ஸ்பெயினில் பதிவு செய்துகொண்டு பங்களிப்புக் கட்ட வேண்டிவரும். ஓர் ஊழியருக்காக இதைச் செய்யும் நிறுவனங்கள் அரிது. உள்ளூரில் பதிவுபெற்ற இடைநிலை நிறுவனம் ஒன்று காகிதத்தில் முதலாளியாக இருந்து சம்பளம் போடும் ஏற்பாடும் உண்டு. அதற்கான கட்டணத்தை யார் ஏற்பது என்பது பேரம். ஆனால் அந்த இடைநிலை நிறுவனம் நீங்கள் குடியேறும் நாட்டிலேயே பதிவானது என்றால், உங்கள் முதலாளி வெளிநாட்டு நிறுவனம் என்ற நாடோடி விசாவின் அடிப்படையே ஆட்டம் காணலாம் என்பதையும் விசாரித்துவிட வேண்டும்.

ஒப்பந்தப் பணியாளருக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு. அவர் ஸ்பெயினில் சுயதொழில் செய்பவராகத் தம்மைத் தாமே பதிவு செய்துகொண்டு தம் பங்களிப்பைக் கட்டிக்கொள்ளலாம். மொத்தப் பணியில் 20 விழுக்காடு வரை ஸ்பெயின் வாடிக்கையாளர்களிடமிருந்தும் வரலாம். இழப்பது பாதுகாப்பை. ஆனால் வேலை போய்விட்டால் என்ன என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் தராசு சற்றுச் சாய்கிறது. ஒரே முதலாளியை நம்பி வந்தவருக்கு வேலை போனால் வருமானமும் விசாவின் அடிப்படையும் ஒரே நாளில் போகின்றன. 57 வயதில், நிறுவனங்களுக்குப் பதிவு இல்லாத நாட்டில் இருந்துகொண்டு, அதே சம்பளத்தில் இன்னொரு ரிமோட் வேலையை மூன்று மாதத்தில் பிடிப்பது எளிதல்ல. நான்கு வாடிக்கையாளர்களில் ஒருவர் போனால் கால்பங்குதான் போகும். மொழிபெயர்ப்பு, கணக்கு, தொழில்நுட்ப எழுத்து, பதிப்புத் திருத்தம், பழைய மென்பொருள் பராமரிப்பு, துறைசார் ஆலோசனை போன்றவற்றில் அனுபவமுள்ளவர்களுக்கு, ஊழியராக இருப்பதைவிட ஒப்பந்தப் பணியே இந்த வயதில் உறுதியானது என்பது என் முடிவு. ஆனால் பழைய முதலாளி ஒருவரையே ஒற்றை வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு பெயரை மட்டும் ஒப்பந்தப் பணி என்று மாற்றிக்கொள்வது இரண்டு பக்கக் கெடுதலையும் ஒருசேரத் தரும்: பாதுகாப்பும் இராது, சட்டம் அதை மறைமுக வேலைவாய்ப்பு என்று கருதவும் இடமுண்டு.

ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும்போது பலர் பார்க்கத் தவறும் ஓர் எண் இருக்கிறது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பங்களிப்பு அடிப்படையிலான முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டு கட்டியிருக்க வேண்டும்; அமெரிக்காவில் அது 10 ஆண்டு; ஜெர்மனியில் 5. ஐம்பத்தைந்தில் ஸ்பெயினுக்குப் போய்க் கட்டத் தொடங்குபவர் எழுபதில்தான் அந்த எல்லையைத் தொடுவார். பழைய நாட்டில் கட்டிய ஆண்டுகளையும் சேர்த்து எண்ணும் ஒப்பந்தம் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் மாதந்தோறும் கட்டும் தொகை திரும்பி வராமலே போகலாம். எனவே நாடுகளை ஒப்பிடும்போது, கடற்கரையையும் தட்பவெப்பத்தையும் பார்ப்பதற்கு முன், இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பெறும் ஓய்வூதியமும் இடம் மாறினால் மாறலாம்: பிரிட்டன் அரசு ஓய்வூதியம் பெறுபவர் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறினால் ஆண்டுதோறும் வரும் உயர்வு நின்றுவிடும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியேறினால் உயர்வு தொடரும்.

வரியைப் பொறுத்தவரை, ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் அந்த நாட்டின் வரிக் குடியாவது, அதாவது அங்கே வரி கட்டக் கடமைப்பட்டவராவது, பெரும்பாலான நாடுகளின் விதி. தாய்லாந்தில் 180 நாளே போதும். குரோவேசியா நாடோடி விசாக்காரரின் வெளிநாட்டுப் பணி வருமானத்துக்கு வரி கேட்பதில்லை. கிரீஸ், குடியேறும் ஓய்வூதியர்களின் வெளிநாட்டு வருமானத்துக்கு 15 ஆண்டுவரை 7 விழுக்காடு மட்டுமே கேட்கும் திட்டம் வைத்திருக்கிறது. இத்தாலியும் தென்பகுதிச் சிற்றூர்களில் குடியேறும் ஓய்வூதியர்களுக்கு அதே விழுக்காட்டைத் தருகிறது. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே போனாலும் தாய்நாட்டுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். இந்தச் சலுகைகளைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது: போர்ச்சுகல் புகழ்பெற்ற தன் வரிச் சலுகைத் திட்டத்தைப் புதியவர்களுக்கு 2024 தொடக்கத்தில் மூடிவிட்டது. அதை நம்பியே கணக்குப் போட்டவர்களின் கணக்கு ஒரே ஆண்டில் பொய்த்தது.

மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, பயணக் காப்பீட்டை மருத்துவக் காப்பீடாக எண்ணிவிடுவதுதான் பெரிய தவறு. பயணக் காப்பீடு திடீர் விபத்துக்கும் நோய்க்கும் உரியது; ஏற்கெனவே இருக்கும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரியது அல்ல. நாடோடி விசாவுக்குக் காட்டும் தனியார் காப்பீட்டிலும், முன்பே உள்ள நோய்களை விலக்கும் பிரிவு எங்கோ சிறு எழுத்தில் இருக்கக்கூடும். ஸ்பெயினில் ஓராண்டு வசித்தவர் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் கட்டணம் செலுத்திச் சேர வழி உண்டு: 65 வயதுக்குக் கீழ் மாதம் 60 யூரோ, அதற்கு மேல் 157. அந்த முதல் ஓராண்டை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி.

நேர வேறுபாடு சட்டம் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் உடம்பு சம்பந்தப்பட்டது. நியூயார்க் நிறுவனம் ஒன்றின் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரையான வேலைநேரம், லிஸ்பனில் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை; பாங்காக்கில் குளிர்காலத்தில் இரவு ஒன்பது முதல் விடியற்காலை ஐந்து வரை. லிஸ்பனில் இருப்பவர் காலையில் நடந்துவிட்டு வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்காரலாம். பாங்காக்கில் இருப்பவர் தெருவே உறங்கும்போது கேமரா முன் சிரித்துவிட்டு, பகல் வெயிலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்க வேண்டும். இருபத்தைந்து வயதில் ஓராண்டு இதைத் தாங்கலாம். தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த ரிமோட் பணியாளர்களும் பெறக்கூடிய ஐந்தாண்டு டிடிவி விசா, 500,000 பாத் இருப்பு கேட்டு, ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் தருவதால் காகிதத்தில் மிகத் தாராளமானது. கேட்பவரின் வாடிக்கையாளர்கள் கிழக்கே இருந்தால் நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், மேற்கே இருந்தால் மாட்டேன். கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம், இருக்கும் வீட்டிலேயே, போகப்போகும் நாட்டிலிருந்து வேலை பார்த்தால் அமையும் அதே நேரங்களில் தூங்கி எழுந்து வேலை பார்த்தால், தூதரகம் சொல்லாத பல விவரங்கள் தெரியவரும்.

ஓய்வூதியமோ வாடகையோ குறைந்தபட்ச அளவுக்கு வருபவர்களுக்குப் போர்ச்சுகலின் டி7 போன்ற விசாவே என் முதல் தேர்வு. அப்படி எதுவும் இல்லாமல், நல்ல சம்பளமும் சம்மதிக்கும் முதலாளியும், சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இருப்பவர்கள் ஸ்பெயின் போன்ற நாட்டுக்கு ஊழியராகவே போகலாம், ஆனால் போன முதல் ஆண்டிலேயே இரண்டாவது வருமான வழியைத் தொடங்கிவிட வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் இப்போதைக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். இருக்கும் இடத்திலிருந்தே, பழைய சகாக்களிடமும் பழைய வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வைத்து, சிறு பணிகளாகவேனும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவ ஒப்பந்தமும் விலைச்சீட்டும் வங்கி வரவும் பொருந்தும்படி ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் வந்து சேர்வார்கள். உண்மையான வாடிக்கையாளர் எவரும் பணம் கேட்பதில்லை. பன்னிரண்டு மாத வரவு ஒழுங்காக இருக்கும் அந்தக் கோப்பைத்தான் தூதரக அதிகாரி முதலில் புரட்டுவார்.